பேண்டு செட்டும் நாட்டார் இசை ஆய்வும்: அளவுகோல் குறித்த மறுபார்வை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களின் விழாக்களில் நையாண்டி மேளத்தோடு பேண்டு செட்டும் இடம்பெறுகிறது. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் திரைப்பாட்டு மெட்டை இசைக்க, டிரம்மில் எழும் தாளமோ தப்பும் உறுமியும் கேட்டுப் பழகிய செவிக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. ஆயினும் இதனை மேலைத் தாக்கத்தால் நேர்ந்த சிதைவு எனக் கொண்டு ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தும் போக்கு நாட்டார் இசை ஆய்வில் உண்டு. இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது.

தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்திலேயே மேலை வாத்தியக்குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஐரோப்பிய மெட்டுகளைத் தழுவி ஏறத்தாழ 40 நோட்டுசுவரப் பாடல்களை இயற்றினார். சதிர்க் கச்சேரியில் பக்கவாத்தியமாகப் புகுந்த கிளாரினெட் பின்னர்த் தனிக்கச்சேரிக்கு உயர்ந்தது. அதனை வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்குச் சென்னை மியூசிக் அகாதெமி 2008இல் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. சபையில் நேர்ந்தபோது வளர்ச்சி எனப்பட்ட மாற்றமே தெருவில் நேரும்போது சிதைவு எனப்படுகிறது. கருவி ஒன்றே, வாசிப்போரின் சமூகநிலைக்கேற்ப அளவுகோல் மாறுகிறது.

ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், கடற்கரைக் கோட்டைகளின் ஆங்கிலேயப் படைக்குழுக்களிடமிருந்து பித்தளைக் கருவிகளைக் கற்ற உள்ளூர்க் கலைஞர்கள் அவற்றில் தம் தாளங்களை ஏற்றினர். அவ்வழி வளர்ந்த ஹைலைஃப் இன்று அந்நாட்டின் அடையாள இசையாகவே ஆராயப்படுகிறது.

இங்குக் கூடுதலாக ஒன்று கருதத்தக்கது. சாவுக்குப் பறையடித்தல் குறிப்பிட்ட சாதியினர்மீது ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்த சூழலில், சீருடையும் முன்பணமும் பேசி முடித்த கூலியும் கொண்ட பேண்டு செட், இசைத்தொழிலைக் கைவிடாமலே அவ்வூழியத்தினின்று விலக ஒரு வழியாயிற்று. கருவி மாற்றத்தை இழப்பாக மட்டும் காணும் ஆய்வு, பழைய கட்டாயத்தையும் மரபென்று போற்றிவிடும் இடருடையது.

இழப்பும் உண்டு. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. ஓசைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது. சடங்குதோறும் வேறுபடும் பறையடிகளுள் எவை டிரம்முக்கு இடம்பெயர்ந்தன, எவை மறைந்தன என்பதை, இரண்டையும் வாசித்தறிந்த மூத்த கலைஞர் வாழுங்காலத்திலேயே பதிவுசெய்தல் வேண்டும். பேண்டு செட் கலைஞரைத் தகவலாளராக ஏற்காத களஆய்வுக்கு இவ்வினாக்களின் விடை கிட்டாது.