பாதுகாப்பு வரைபடத்திலேயே தொடங்க வேண்டும்

காலை வேளையில் மோதி பாக் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நம்மவர்களை இரு சாராராகப் பிரிக்கலாம். ஒரு சாரார் சர்க்கார் அலுவலகங்களுக்குப் போகும் குமாஸ்தாக்கள். மற்றவர்கள் நாராயணா, ஓக்லா பட்டறைகளுக்குப் போகும் தொழிலாளர்கள். தொழிற்சாலை விபத்து பின்னவர்களின் கவலை மட்டுமே என்று முன்னவர்கள் எண்ணினால் அது தவறு.

1985 டிசம்பர் 4-ந் தேதி மேற்கு தில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்ததைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆலையைச் சுற்றி மூன்று கிலோ மீட்டருக்குள் சுமார் 2 லட்சம் மக்கள் வசித்தனர். தீஸ் ஹஸாரி கோர்ட் வக்கீல் ஒருவர் உயிரிழந்ததாகச் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவிக்கப்பட்டது. வாயுத் தொட்டியைத் தாங்கி நின்ற அமைப்பு சரிந்ததால் தொட்டி வெடித்தது. ‘ஜாக்கிரதையாக வேலை செய்’ என்று சுவரில் எழுதி வைப்பதால் தாங்கு அமைப்புக்குப் பலம் வந்துவிடாது.

அதற்குச் சுமார் ஓராண்டு முன்பு, 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவில், போபால் துயரம் நடந்தது. அங்கே நச்சு வாயுவைக் கட்டுப்படுத்தச் சாதனங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் குளிர்பதன இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாயில் ஒரு பகுதி கழற்றப்பட்டிருந்தது. தண்ணீர்ப் பீச்சு வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலான கேள்வி ஒன்று உண்டு. மெதில் ஐசோ சயனேட் விற்பனைச் சரக்கல்ல. பூச்சிமருந்து தயாரிப்பில் இடையே உண்டாகும் பொருள். அதைப் பெரிய தொட்டிகளில் டன் கணக்கில் சேர்த்து வைக்கும்படி ஆலையை ஏன் அமைத்தார்கள்? இல்லாத சரக்கு கசிய முடியாது. விபத்தின் வித்து வரைபட மேஜையிலேயே விழுந்துவிட்டது.

நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் பாருங்கள். வெயிட் அடைத்துக்கொண்டால் நீராவி வெளியேற சேஃப்டி வால்வு இருக்கிறது. இல்லத்தரசியின் கவனத்தை மட்டும் நம்பி அதை வடிவமைக்கவில்லை. பட்டறைப் பவர் பிரஸ்ஸுக்கும் இதே நியாயம் பொருந்தும். காலால் மிதித்து இயக்கும் பிரஸ்ஸில் கை அச்சுக்கடியில் இருக்கும்போதே அது இறங்கிவிடலாம். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் இறங்கும் என்று அமைத்தால், இயக்குபவரின் கை அங்கே இருக்க வழியில்லை. விரல் போனபின் ‘தொழிலாளியின் அஜாக்கிரதை’ என்று எழுதுவது சுலபம். அயர்ந்த மனிதன் தவறு செய்வான் என்பதை எதிர்பார்த்து இயந்திரத்தைச் செய்வதே பொறியியல்.

சட்டமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. போபாலுக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் செய்த திருத்தம், இயந்திரத்தை வடிவமைப்பவர், தயாரிப்பவர், சப்ளை செய்பவர் ஆகியோர் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டத்திலும் அக்கடமை இடம் பெற்றிருக்கிறது. ஆனால் மின்விசையில் இயங்கும் இடம் ‘தொழிற்சாலை’ எனக் கருதப்பட, முன்பு பத்துப் பேர் போதும். இப்போது இருபது பேர் வேண்டும். பொதுவான கடமைகள் பத்துப் பேர் உள்ள நிறுவனத்துக்கும் உண்டு எனினும், தொழிற்சாலைக்கே உரிய விதிகளிலிருந்து சிறு பட்டறைகள் விலகிவிடுகின்றன. விரல்கள் அதிகம் ஆபத்தில் இருப்பது இத்தகைய பட்டறைகளில்தான். ஆகவே, அங்கே வந்து சேரும் இயந்திரமே காப்புடன் வருவது முன்னிலும் அவசியமாகிறது.

காகிதத்தில் உள்ள குறையைத் திருத்த ரப்பர் போதும். இயந்திரமாகிவிட்டால் பணம் வேண்டும். விபத்தான பின் எத்தனை பணமும் போதாது.

இங்கேதான் குமாஸ்தாவின் பங்கு வருகிறது. இயந்திரம் வாங்கும் டெண்டர் கோப்பு அவர் மேஜையைக் கடந்துதான் போகிறது. நிபந்தனைகளில் காப்பு அமைப்பைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால், அதை விட்டுவிட்டுச் செய்தவரின் விலையே குறைவாக இருக்கும். ஆர்டரும் அவருக்கே போகும். அந்த ஒரு வரி உண்டா என்று பார்த்து, இல்லையெனில் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவது பெரிய காரியமல்ல. மாலையில் அதே பஸ்ஸில் திரும்பும் நம்மவரின் பத்து விரல்களும் அந்தக் குறிப்பைப் பொறுத்தவையாக இருக்கலாம்.