மூன்று நாற்காலிகள்

வட தமிழகத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் தோப்புகளிலும் முன்பணத்துக்கு அடகாகக் கிடந்து மீண்டவர்கள், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்களாகச் சங்கம் அமைத்து, இன்னும் மீளாதவர்களைத் தேடிப் போகிறார்கள். அவர்களில் பலர் இருளர் பழங்குடியினர். இப்படித் தேடிப் போய் மீட்பது அரசின் வேலை. அவர்களை நாலு வார்த்தை பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது அநியாயம்.

அதிகாரி சூளையில் ஜீப்பை விட்டு இறங்குகிறார். முதலாளி பக்கத்தில் நிற்க, "இங்கே ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்கிறார். யார் வாய் திறப்பார்கள்? அங்கே கல் அறுத்து மீண்டவர் அப்படிக் கேட்க மாட்டார். "சொந்தத்துல சாவு விழுந்தா குடும்பத்தோட அனுப்புவாங்களா, ஒருத்தரை நிறுத்தி வெச்சுக்கிட்டு அனுப்புவாங்களா?" என்பார். அதற்கு வரும் பதிலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். கணக்கு நோட்டு யார் கையில், ஆய்வுக்கு ஆள் வந்தால் பிள்ளைகளை எந்தப் பக்கம் விரட்டுவார்கள் என்பதும் அவருக்கு அத்துப்படி.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் முன்பணக் கடனையே ரத்து செய்தது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில் வைத்தது. மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு வேண்டும், அதில் அந்தப் பகுதியில் வசிக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. மீண்டு வந்தவர்களைவிட அந்த மூன்று நாற்காலிகளுக்கு உரியவர் யார்?

அவர்கள் அந்தக் குழுவில் இருந்தால் மறுவாழ்வுத் தொகையைப் பற்றி முதலில் கேட்பார்கள். மத்திய அரசுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். உடனடியாகக் கிடைப்பது 30,000 ரூபாய் வரைதான். மீதியை வழக்கின் தீர்ப்போடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசு. வழக்கு இழுத்தாலும் தோற்றாலும் பட்டினி கிடப்பது பாதிக்கப்பட்டவர். காத்திருக்கும் காலத்தில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் போதும், அந்தக் குடும்பம் மீண்டும் மேஸ்திரி நீட்டும் முன்பணத்தைத்தான் வாங்கும். அடிமையாக வைத்திருந்தவருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம்! இந்த முடிச்சு அறம் கெட்டது. அதை மத்திய அரசு அவிழ்த்தாக வேண்டும்.

நாற்காலிகளுக்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. நியமிக்கும் அதிகாரம் மாவட்டத்தில் ஆட்சியரிடமும் கோட்டத்தில் சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியரிடமும் இருக்கிறது. மீண்டவர்களின் பெயர்களைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன்பே அந்த அதிகாரிகள் எழுத வேண்டும். ஒப்புக்கு உட்காரவைக்காமல், ஆய்வுக்குப் போகும் ஜீப்பிலும் அவர்களை ஏற்ற வேண்டும். அன்றைய கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் அன்றே கையில் கொடுக்க வேண்டும்.