வாசிக்கும் உரிமையும் பழுதுபார்க்கும் கடமையும்

விழிப்புலனற்ற மாணவருக்கு வாசிப்புப் பொறி ஒன்றை வழங்கிவிட்டால் தமது கடமை முடிந்துவிட்டதென எண்ணுவோர் பலர். பொன்னாடை, புகைப்படம், நன்றியுரை ஆகியவற்றுடன் அக்கடமை இனிதே நிறைவேறிவிடுகிறது. ஈராண்டு கழிந்தபின் அப்பொறி எந்நிலையில் இருக்கிறது என்று கேட்பாரில்லை. அக்கேள்வியையே நாம் இங்கு எழுப்புகிறோம்.

நாம் குறிப்பிடுவது பிரெயில் டிஸ்பிளே எனப்படும் பொறியை. கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள எழுத்துக்களை, விரலால் தடவி வாசிக்கத்தக்க புள்ளிகளாக அது வரிவரியாக எழுப்பிக் காட்டுகிறது. 1829இல் லூயி பிரெயில் வெளியிட்ட ஆறு புள்ளி எழுத்துமுறையே இதன் அடிப்படை. கணினியின் தேவைக்காக மேலும் இரு புள்ளிகள் சேர்க்கப்பட்டமையால் ஒரு கட்டத்துக்கு எட்டு ஊசிகள். நாற்பது கட்டங்கள் கொண்ட பொறியில் 320 ஊசிகள். பெரும்பாலான பொறிகளில் ஒவ்வோர் ஊசிக்கும், சுமார் 200 வோல்ற்று மின்னழுத்தம் பட்டதும் வளைந்து அதனை உயர்த்தும் மெல்லிய பீங்கான் பட்டை ஒன்று உண்டு. தூசியும் வியர்வையும் விரலின் எண்ணெய்ப் பசையும் நாளடைவில் துளைகளுள் இறங்கிவிட, ஊசி சிக்கிக்கொள்கிறது. கையைக் கழுவிவிட்டு வாசித்தாலும், பொறியை மூடிவைத்தாலும் இதனைத் தாமதப்படுத்தலாமேயன்றி முற்றாகத் தவிர்க்க இயலாது. விரலால் தொடுவதற்கென்றே செய்யப்பட்ட பொருளை விரலால் தொட்டது பாவிப்பவரின் குற்றமாகாது.

‘ஓர் ஊசிதானே’ என்று அலட்சியமாகக் கூறுவோருக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். தமிழ்ப் பிரெயிலில் ‘ப’ என்பதற்கு 1, 2, 3, 4 ஆகிய புள்ளிகள். ‘ல’ என்பதற்கு 1, 2, 3. நான்காம் ஊசி எழாத கட்டத்தில் ‘பாடம்’ என்ற சொல் தொடங்குமாயின் அது ‘லாடம்’ ஆகிவிடும். இலக்கம் 8இற்கு உரியவை 1, 2, 5. இரண்டாம் ஊசி எழாவிடின் அது 5. கணக்கு வினாத்தாளில் 8 என்பது 5 ஆவதும், மருந்துக் குறிப்பில் 6 என்பது 2 ஆவதும் சிறு பிழைகளா? அச்சுப்பிழையேனும் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். இதுவோ வரிக்கு வரி வெவ்வேறு எழுத்துக்களைத் தாக்குகிறது. வாசிப்பவர் ஈற்றில் தமது விரலையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். விடைத்தாளைத் திருத்தும் பரீட்சகரின் கண்ணுக்கோ மாணவனின் தவறு தெரியுமேயன்றி ஊசியின் தவறு தெரியாது.

‘தொலைபேசியே இன்று வாய்திறந்து பேசுகிறதே, புள்ளிகள் எதற்கு?’ என்று ஒருசாரார் வினவுகின்றனர். அவர்களிடம் நாம் கேட்கிறோம்: உங்கள் பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்துக்கொண்டு வானொலிப் பெட்டியை மட்டும் கொடுத்தால் சம்மதிப்பீர்களா? நகர னகர வேறுபாட்டையும் அட்சரகணிதச் சமன்பாட்டையும் செவியால் மட்டும் கற்பிக்க எந்த ஆசிரியர் முன்வருவார்? கேட்டல் வாசித்தலுக்குத் துணை, அதற்கு ஈடாகாது. செவிப்புலனும் இல்லாதோருக்கு அத்துணைதானும் இல்லை. கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் 1909இல் அமெரிக்க சோசலிசக் கட்சியிற் சேர்ந்தவர். மனிதரின் கண்ணைக் கெடுக்கும் வறுமையையும் தொழிற்சாலைக் கொடுமைகளையும் வன்மையாகச் சாடியவர். அவரைத் தன்னம்பிக்கையின் சின்னமாகப் போற்றும் தருமப்பிரபுக்கள் இவ்வுண்மையை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

இனி, பொருளாதாரத்தைப் பார்ப்போம். மலிவான பொறிகளுக்கே பல நூறு டொலர் வேண்டும். நாற்பது கட்டப் பொறிகளின் விலை ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. பழுதோ விலையினும் கொடியது. புள்ளிக் கட்டங்களை ஆக்குவோர் யப்பான், ஜேர்மனி முதலிய நாடுகளில் உள்ள மிகச் சிலரே. உதிரிப் பாகமும் திருத்துநரும் அருகில் இல்லாதவர் தமது பொறியைக் கடல்கடந்து அனுப்பவேண்டும். அனுப்புசெலவும் சுங்கமும் காத்திருப்பும் அவர் தலையில். அது திரும்பும்வரை கற்றவரும் எழுத்தறியாதவராகிறார். கணினியின் மென்பொருள் மாறியதும், பழுதேதுமின்றியே பொறி ஊமையாவதும் உண்டு. இக்குறையைப் போக்கும் பொது இணைப்பு நியமம் 2018இலேதான் வெளியாயிற்று.

சட்டங்கள் எதனைக் காக்கின்றன? மின் சக்கர நாற்காலியைத் திருத்தும் உரிமையை அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2022இல் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய பழுதுபார்த்தல் சட்டம் சலவை இயந்திரத்தையும் குளிர்சாதனப் பெட்டியையும் கைத்தொலைபேசியையும் பட்டியலிட்டது. பிரெயில் பொறி அதில் இடம்பெறவில்லை. துணி துவைப்போருக்குக் கிடைத்த பாதுகாப்பு எழுத்தை வாசிப்போருக்குக் கிடைக்கவில்லை.

வேறு வழியுண்டா? உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கீழ், 1931ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான விழிப்புலனற்றோருக்கான நூலக சேவை, 2020 முதல் இத்தகைய பொறிகளை வாசகர்க்கு இலவசமாக இரவல் கொடுத்து வருகிறது. பொறி நூலகத்தின் உடைமை. எனவே பழுதும் நூலகத்தின் கவலை. தனியுடைமையின் கோட்டையாகிய நாட்டிலேயே பொதுவுடைமைதான் இச்சிக்கலை அவிழ்க்கிறதெனில், அதன் படிப்பினையை விளக்கவும் வேண்டுமோ?

இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அவ்வுறுதி ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க நாம் கோருவன இவை: பொறி வாங்கும் பணத்துடனேயே பராமரிப்புக்கான பணமும் ஒதுக்கப்பட வேண்டும். ஒன்று திருத்தப்படுகையில் மற்றொன்று மாணவர் கைக்கு வரவேண்டும். திருத்தும் முறைகளையும் உதிரிப் பாகங்களையும் உற்பத்தியாளர் ஒளிக்கலாகாது. நமது தொழில்நுட்ப மாணவர் அவற்றைப் பயில வேண்டும். பரீட்சைக்குமுன் ஒவ்வோர் ஊசியும் சோதிக்கப்பட வேண்டும். எப்பொறியை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் சபையில் அதனை விரலால் வாசிப்போர் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்தமுறை பொறி வழங்கும் விழாவுக்கு உங்களை அழைப்பார்கள். தவறாது செல்லுங்கள். நன்றியுரை தொடங்குமுன் எழுந்து, ‘இது பழுதானால் திருத்துபவர் யார்?’ என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை உட்காராதீர்கள்.