சினை ஊசிக்கு மறுநாள்

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் மட்டக் குதிரைகளையும் சேர்த்து இந்தியாவில் 6.25 லட்சம் குதிரைகள் இருந்தன. 2019-இல் அது 3.4 லட்சமாகச் சரிந்துவிட்டது. இந்தச் சரிவுக்கு நடுவே ராஜஸ்தானின் மார்வாரி இனத்தைப் பெருக்க, தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானீர் வளாகம் உறைவிந்தையும் சினை ஊசியையும் கைக்கொண்டது. 2023-இல் கருமாற்று முறையில் மார்வாரிக் குட்டி ஒன்றும் அங்கே பிறந்தது. அறிவியல் இவ்வளவு தூரம் வந்த பிறகும், ஊசி போட்டுச் சினை நிற்காவிட்டால் பழி பெட்டைக் குதிரையின் தலையில்தான் விழுகிறது. மலடு என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அதற்கு மீட்சியில்லை. இது அநியாயம்.

விந்து உள்ளே சென்றதும் கருப்பையில் அழற்சி எழுவது இயல்பு. விந்தணுவே அதைத் தூண்டுகிறது. நல்ல உடல்வாகுள்ள பெட்டை ஓரிரு நாளில் கழிவை வெளியேற்றித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பல ஈற்றுகள் கண்டு கருப்பை தொய்ந்தவற்றுக்கும், வயதேறிய பின் முதன்முறையாகச் சினைக்கு வந்து கருப்பை வாய் சரியாகத் திறக்காதவற்றுக்கும் அது முடியாது. நீர் தேங்கிவிடும். கரு ஆறாம் நாள் வாக்கில் கருப்பைக்குள் இறங்கும்போது அங்கே அழற்சி தணிந்திருக்காவிட்டால் அது பிழைக்காது. மறுநாளே ஸ்கேன் வைத்துப் பார்த்து, நீர் இருந்தால் உப்புக் கரைசலால் கழுவி, ஆக்சிடோசின் கொடுத்தால் பல பெட்டைகள் தேறும். ஊசி போட்டதோடு வேலை முடிந்ததென்று மருத்துவர் கிளம்பிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

பொலிகுதிரை வைத்திருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. உறைவிந்தை உருக்கிய பின் 30 சதவீத அணுக்களாவது முன்னோக்கி நீந்த வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அந்த அளவை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உறைவிந்தை முட்டை வெளிப்பட்ட ஆறு மணி நேரத்துக்குள் செலுத்துவது நல்லது. நேரம் தப்பிய ஊசிக்குப் பெட்டை என்ன செய்யும்? அதன் உரிமையாளரும் பருவம் வந்த நாள், ஊசி போட்ட நேரம், ஸ்கேனில் கண்டது எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். பிறப்புறுப்பின் அமைப்பு சரியில்லாமல் சாணம் உள்ளே போகிறதென்றால் மேற்புறத்தைத் தைத்துவிடும் சிறு சிகிச்சை உண்டு. கிருமி எதுவென்று பரிசோதிக்காமல் ஆன்டிபயாடிக்கை அள்ளி ஊற்றும் வழக்கம் மட்டும் ஒழிய வேண்டும். அது பூஞ்சைத் தொற்றுக்கே வழி திறக்கிறது.

ஒருவரின் அசட்டை எல்லோரையும் எப்படிச் சுடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2008 டிசம்பரில் கென்டக்கியில், விந்து ஏற்றுமதிக்கான வழக்கமான சோதனையில் ஒரு பொலிகுதிரையிடம் தொற்றுக் கருப்பை அழற்சியின் கிருமி இருப்பது தெரிந்தது. அதன் தொடர்பைத் தேடிப் போனபோது 48 மாநிலங்களில் குதிரைகளைச் சோதிக்க வேண்டியதாயிற்று. விந்து சேகரிக்கும் இடத்தில் பொதுவாகப் புழங்கிய கருவிகள் வழியே அது பொலிகுதிரைகளிடையே பரவியதாக விசாரணை கருதியது. இதே நோய் 1977-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் முதன்முதலாக வெளிப்பட்டபோது, அங்கே வளர்ப்போரும் மருத்துவர்களும் கூடி, பருவத்துக்கு முன் எந்தக் குதிரைக்கு என்ன சோதனை என்று விதிகள் வகுத்துக்கொண்டார்கள். அவை சட்டமல்ல, மனமொப்பிய கட்டுப்பாடு. இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை வளர்ப்போர் சங்கங்களும் கால்நடைத் துறையும் ஆராய்ச்சி மையமும் அத்தகைய விதிகளை அடுத்த பருவத்துக்கு முன்பே எழுதிவிடலாம். முதலில் வேண்டியது கிராமத்துக்கே வரும் ஸ்கேன் வண்டி. ஒன்றிரண்டு பெட்டைகளை நம்பிப் பிழைப்பவர் ஊசிக்கு மறுநாள் குதிரையை வண்டியில் ஏற்றிப் பிகானீர் வரை கொண்டுபோக மாட்டார். அதற்கான செலவை அரசும் சங்கங்களும் சேர்ந்து ஏற்க வேண்டும்.