இறுதி நொடிக்கு முன்

சிவாஜிநகரில் ரசல் சந்தையை அடுத்த தெருக்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள் கூடைப்பந்தில் நாட்டம் உடையோர் உண்டு. மனத்துக்கு மிகவும் உகந்த ஆட்டத் தருணம் எது என்று வினவினால், அவர்கள் கைப்பேசியில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியின் காட்சியாகவே இருக்கும். அதில் வியப்பில்லை. ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் நடைபெறும் அப்போட்டியில் 68 கல்லூரி அணிகள் கலந்துகொள்கின்றன. ஒருமுறை தோற்ற அணிக்கு மறுவாய்ப்பு இல்லை. ஆகவே, கடைசி நொடியில் வளையத்துள் விழும் ஒரு பந்து ஓர் அணியின் ஓராண்டு உழைப்பைக் காப்பாற்றிவிடும். மற்றோர் அணியின் உழைப்பை அங்கேயே முடித்துவிடும்.

அவ்வகைத் தருணங்களுள் தலையாயது 1992 மார்ச் 28 அன்று நிகழ்ந்தது. டியூக், கென்டக்கி ஆகிய பல்கலைக்கழக அணிகளின் ஆட்டம் சமனில் முடிந்து, கூடுதல் நேரத்துக்குச் சென்றது. 2.1 நொடிகளே எஞ்சியிருந்தபோது கென்டக்கி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. டியூக் அணியின் கிராண்ட் ஹில் களத்தின் ஒரு முனையிலிருந்து பந்தை நெடுந்தொலைவு வீசினார். மறுமுனையில் அதைப் பற்றிய கிறிஸ்டியன் லேட்னர், ஒருமுறை தரையில் தட்டி, திரும்பி எறிந்தார். டியூக் 104-103 என்று வென்றது.

கைப்பேசி காட்டுவது அந்த இரண்டு நொடிகளை மட்டுமே. லேட்னர் அன்று வளையத்தை நோக்கி எறிந்த எந்தப் பந்தும் தவறவில்லை என்பதை அக்காட்சி சொல்லாது. சில வாரங்களுக்கு முன் வேறோர் ஆட்டத்தில் கிராண்ட் ஹில் இதே போன்ற நெடுவீச்சை முயன்று, பந்து விலகிப் போனதையும் அது சொல்லாது. பிழைத்த வீச்சை அறியாதவருக்குப் பிழையாத வீச்சின் அருமை எவ்வாறு விளங்கும்? காட்சியை நூறுமுறை கண்டவர், ஆட்டத்தை ஒருமுறையேனும் முழுதாகக் கண்டவர் ஆகார்.

தோற்றவரின் கதையும் இவ்வாறே மறைந்துபோகிறது. 2018இல் தரவரிசையில் முதலிடம் பெற்றிருந்த வர்ஜீனியா அணியை, கடைசித் தரத்தில் இருந்த மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி அணி 74-54 என்று வீழ்த்தியது. ஆடவர் போட்டியில் அதற்கு முன் அப்படி நிகழ்ந்ததே இல்லை. ரசிகர்கள் இன்றும் அதனைக் கொண்டாடுகின்றனர். ஆனால், நாடே நகைத்த அந்த வர்ஜீனியா அடுத்த ஆண்டே வாகை சூடியது. இரண்டையும் சேர்த்து நினைப்பவரே நல்ல ரசிகர்.

இவ்வளவும் கடல் கடந்த செய்திகள். சிவாஜிநகரிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், கப்பன் பூங்காவை ஒட்டி, கண்டீரவா உள்விளையாட்டரங்கம் உள்ளது. 2017 சூலைத் திங்களில் மகளிர் ஆசியக் கோப்பைப் போட்டியைப் பெங்களூரு நடத்தியது. அதன் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கசகஸ்தானை 75-73 என்று வென்று, முதற்பிரிவுக்கு உயர்ந்தது. முதற்பிரிவின் இறுதியாட்டத்தில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை 74-73 என்று வென்றது. ஒன்று இரு புள்ளி, மற்றொன்று ஒரே புள்ளி! நெஞ்சு படபடக்கும் ஆட்டத்தைக் காண அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. எனினும் வீட்டருகே நிகழ்ந்த அவ்வெற்றியை அறிந்த பிள்ளைகள் மிகச் சிலரே. இது வருந்தத்தக்கது.

அந்த இந்திய அணியில் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை ஆடினார். பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர் அவர். 2021இல் பத்மசிறீ விருது பெற்றார். கேரளத்து ஜீனாவும் புனேயின் சிரீன் லிமாயேயும் அவருடன் ஆடினர்.

பெங்களூருக் கல்லூரிகளில் நடைபெறும் கூடைப்பந்துப் போட்டிகளைக் காண வருவோர் பெரும்பாலும் ஆடுபவரின் தோழர்களே. சிவாஜிநகர்ப் பிள்ளைகளும் அங்கே போய் அமர வேண்டும். வியர்வையில் காலணி வழுக்கும் ஒலியும், வளையத்தைச் சுற்றி வெளியேறும் பந்தைக் கண்டு எழும் பெருமூச்சும் கைப்பேசிக்குள் அடங்குவன அல்ல. அங்கு இன்னொரு சிக்கலும் எழும். சென்னைக் கல்லூரி ஒன்று பெங்களூருக் கல்லூரியோடு மோதினால் யாருக்குக் கைதட்டுவது? பெற்றோரின் ஊருக்கா, தாம் பிறந்து வளர்ந்த ஊருக்கா? இக்கேள்வியைப் பெரியோர் சிலர் கடுமையாகக் கேட்பர். பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை. முதற்பாதியில் ஓர் அணிக்கும் மறுபாதியில் மற்றதற்கும் கைதட்டலாம். ஆட்டம் சமனில் நின்று கூடுதல் நேரம் வந்தால், அப்போது முடிவுசெய்துகொள்ளலாம்.