கருவி மாற்றும் காலம்

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் மடுல்சீமைத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி நமது இல்லம் வந்தார். தோளிலே கமரா, முகத்திலே கவலை. தோட்டத்துக் கலியாணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், கோயில் தேர் ஆகியவற்றைப் படம் பிடித்துச் சிறிது வருவாய் தேடி வருபவர் அவர்.

"சேர், இந்தக் கமரா இனிச் சரிவராது. புதிய 'பொடி' ஒன்று வாங்க வேண்டும். அம்மா தமது சங்கிலியை அடகு வைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

'பொடி' என்று கடைக்காரரும் படப்பிடிப்பாளரும் கூறுவது, வில்லை நீங்கலான கமராவின் உடற்பகுதியை. கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் நாட்கூலி 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபா எனவும் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபா எனவும் நிர்ணயிக்கப்பட்டதை நேயர்கள் அறிவர். அத்தகைய கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த சங்கிலி அது. ஆகவே, வினா கமராவைப் பற்றியது போலத் தோன்றினாலும், ஒரு தாயின் பல்லாண்டு உழைப்பைப் பற்றியதாகவே நமக்குப் பட்டது. உடனே விடை கூற நமக்கு மனம் வரவில்லை. முதலில் படங்களைக் காட்டுமாறு கேட்டோம்.

பகலிற் பிடித்த படங்கள் நன்றாகவே இருந்தன. ஆயினும் அவற்றில் ஏதோ மெல்லிய மங்கல் படிந்திருந்தது. மாசியில் நடைபெற்ற காமன் கூத்தின் இரவுப் படங்களோ மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாய்க் கிடந்தன. "பன்னிரண்டு மெகாபிக்சல்தானே சேர், அதுதான் குறை" என்றார் மாணவர்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கலியாண அல்பத்திற்கு அவர் அச்சிடும் மிகப் பெரிய படம் 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உடையது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 3,600ஐ 2,400ஆற் பெருக்க வேண்டும். வருவது 86 இலட்சத்து 40 ஆயிரம். அஃதாவது ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவு. இருப்பதே தேவைக்கு மேலாக இருக்கிறது. குறை அங்கே இல்லை.

அடுத்து, வில்லையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். உள்ளே சிலந்தி நூல் போன்ற வெண்ணிற இழைகள்! பூஞ்சணம் படர்ந்திருந்தது. மடுல்சீமையில் மூடுபனி இறங்கினால் லயத்துச் சுவரே வியர்க்கும். துணிப்பையில் வைத்த கமரா எம்மாத்திரம்? பகற் படங்களின் மங்கலுக்குக் காரணம் விளங்கிற்று. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? ஈரத்தின் பிழையைக் கமராவின் தலையிற் கட்டிவிட்டோம். காற்றுப் புகாத பெட்டி ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவும் இருந்தால் இத்தீங்கைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

எஞ்சியது இரவுப் படம். கமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லையின் துவாரம், 50 மில்லிமீற்றர் அளவில் ஏறத்தாழ எப் 5.6 வரைதான் திறக்கும். அதே 50 மில்லிமீற்றரில் எப் 1.8 வரை திறக்கும் எளிய வில்லையொன்று ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அவர் வாங்க விரும்பிய கமராவின் உணரியோ 36க்கு 24 மில்லிமீற்றர். பழையதன் உணரி ஏறத்தாழ 23.5க்கு 15.6. பரப்பிலே இரண்டேகால் மடங்குக்குச் சற்றே கூடுதல். சிறு செலவில் பத்து மடங்கு கிடைக்கையில், பெருங் கடன் பட்டு அதனிற் குறைந்ததை முதலில் வாங்குவது முறையாகுமா?

இவ்விடத்தே ஓர் அம்மையாரின் கதையை நினைவுகூர்வது பொருந்தும். கல்கத்தாவில் 1815இற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரோன் தமது 48ஆம் வயதில், 1863இன் இறுதியில், மகள் அளித்த பரிசாகத்தான் முதற் கமராவைப் பெற்றார். அதனைக் கொண்டே பழகினார், புகழும் பெற்றார். மனித முகத்தை மிகப் பெரிதாக, மிக அண்மையிற் காட்ட வேண்டும் என்ற ஆவல் அக்கருவியின் எல்லையைத் தாண்டிய பின்னரே, 15 அங்குலத்திற்கு 12 அங்குலக் கண்ணாடித் தட்டு ஏற்கும் பெரிய கமராவுக்கு மாறினார். 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, இங்குள்ள தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். 1879இல் மறைந்த அவர், போகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கிறார். அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம், பெரிய கருவியை நாடாதே என்பதன்று. எதற்காக நாடுகிறோம் என்பதை முதலில் அறி என்பதே.

அப்படியாயின் உடற்பகுதியை மாற்ற உரிய காலம் எது? மாணவரிடம் மூன்று அடையாளங்களைக் கூறினோம். ஒன்று, கருவி தேய்தல். பல நடுத்தரக் கமராக்களின் மூடித்திரை ஏறத்தாழ 1,00,000 படங்களுக்கென அமைக்கப்படுவது. எண்ணிக்கை அதனை நெருங்குமாயின், மாங்கல்யதாரணத்தின் நடுவே அது நின்றுவிடலாம். தாலியை மறுமுறை கட்டச் சொல்ல இயலுமா? இரண்டு, நல்ல வில்லையும் நிலையான கையும் இருந்தும் எடுக்க முடியாத படம் இன்னதென்று ஒரே வாக்கியத்திற் சொல்லக்கூடிய நிலை. மூன்று, கமரா ஈட்டிய பணமே அடுத்த கமராவை வாங்க வல்லதாதல்.

மாணவர் சற்று வாடிய முகத்தோடுதான் விடைபெற்றார். நம் சொல் அவருடைய ஊக்கத்தைக் கெடுத்துவிட்டதோ என்ற ஐயம் நமக்கும் பல நாள் இருந்தது.

இவ்வாண்டு மீண்டும் வந்தார். வில்லையைத் துப்புரவு செய்வித்து, பழைய 50 மில்லிமீற்றர் வில்லையொன்றையும் தமது சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தார். இம்முறை ரதியின் முகத்தில் தீப்பந்தத்தின் ஒளி தெளிவாய் விழுந்திருந்தது. ஆயினும் சில படங்கள் தவறியிருந்தன. "ஆடுபவர் இருட்டில் நம்மை நோக்கி ஓடி வரும்போது இந்தக் கமராவின் குவியம் பின்தங்கி விடுகிறது, சேர்" என்றார். சென்ற ஆண்டு "சரிவராது" என்ற ஒரு சொல்லே அவரிடம் இருந்தது. இன்று குறை இன்னதென்று சொல்ல அறிந்திருக்கிறார். பாதி விலையையும் உழைத்துச் சேர்த்துவிட்டார்.

"மீதியும் சேர்ந்தவுடன் வாங்குக" என்றோம்.

புறப்படுமுன் ஒரு படத்தை நம் மேசைமீது வைத்தார். லயத்து வாசலிலே அவருடைய அன்னையார் கொழுந்துக் கூடையோடு நிற்கிறார், பின்னால் மூடுபனி. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இரு நாடுகளிலும் பிரிந்து போன குடும்பங்கள் பலவற்றில், மங்கிய ஒரு ஸ்டூடியோப் படமே உறவின் சாட்சியாய் எஞ்சியிருக்கிறது. அப்படம் எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. மாணவர் வைத்த படமும் அத்தகையதே. பழைய கமராவில் எடுத்தது. அன்னையாரின் கழுத்திற் சங்கிலி இருந்தது.