காவியமா? பட்டயமா?

ரோமாபுரிப் புராணத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. பாம்பன் கடலுக்கு அக்கரையில் வைகை கடலில் விழும் அழகன்குளத்தில் மண்ணைத் தோண்டியபோது ரோமாபுரிக் காசுகள் கிடைத்தன. அக்காசுகளைக் கொண்டுவந்தவர்களின் தேசத்திலும் ராஜாக்கள் நம் ராஜாக்களைப் போலவேதான் வம்சம் தேடினார்கள் என்பதை இங்கு காட்டப் போகின்றோம்.

கி.மு. 19-ல் இறந்த விர்ஜில் என்னும் லத்தீன் கவி பாடியது ‘ஈனீட்’ என்னும் காவியம். டிராய் நகரம் எரிந்தபோது ஈனியாஸ் என்னும் வீரன் கிழத் தகப்பனைத் தோளில் சுமந்து தப்பி, இத்தாலிக்கு வந்து, ரோமர்களுக்கு மூலபுருஷனானான் என்பது கதை. அவன் தாயார் யாரென்றால் வீனஸ் என்னும் தேவதையாம்! அந்தத் தேவதையின் வம்சம் நாங்கள் என்று சொல்லிக்கொண்ட ஜூலியஸ் சீசர், கி.மு. 46-ல் அவளுக்குக் கோவிலும் கட்டினான். அவனுடைய சுவீகாரப் பிள்ளையே அகஸ்டஸ் சக்கரவர்த்தி. அவன் ஆட்சியில்தான் இக்காவியம் பிறந்தது. கவி சாகும்போது அதைக் கொளுத்தச் சொன்னாரென்றும், சக்கரவர்த்தி தடுத்து வெளியிடச் செய்தானென்றும் சொல்லுகிறார்கள். தன் வம்சப் பத்திரத்தை எவன்தான் கொளுத்த விடுவான்?

கணக்குப் பார்ப்போம். பழையவர்கள் போட்ட கணக்கின்படியே டிராய் அழிந்தது கி.மு. 1184. கார்த்தேஜ் நகரம் உண்டானது கி.மு. 814. இருந்தும் ஈனியாஸ் கார்த்தேஜுக்குப் போய் அதைக் கட்டிய ராணி டிடோவைக் காதலித்துக் கைவிட்டானாம். 370 வருஷம் காத்திருந்து காதலித்தான் போலும்!

இதில் விஷமமும் இருக்கிறது. சிசிலித் தீவும் கடலாதிக்கமும் யாருக்கு என்று கி.மு. 264-ல் ஆரம்பித்த சண்டை, மூன்று யுத்தமாகி, 146-ல் கார்த்தேஜ் தரைமட்டமாகி, மிஞ்சிய ஜனங்கள் அடிமைகளாக விற்கப்பட்டதில் முடிந்தது. காவியமோ இப்பகைக்குக் காரணம் டிடோ இட்ட சாபம் என்கிறது. கொள்ளையடித்தவன் பழி, செத்த பெண்பிள்ளை தலையில்! மேலும் பாதாள லோகத்தில் தகப்பன் ஈனியாசுக்கு இனிப் பிறக்கப்போகும் ரோமர்களை வரிசையாகக் காட்டுகிறான். அதில் அகஸ்டசும் நிற்கிறான். நடந்து முடிந்ததை நடக்கப்போவதாக எழுதும் வித்தை நமது பவிஷ்ய புராணக்காரர்களுக்குப் புதிதா?

இனி நம் ஊருக்கு வருவோம். 1605 வாக்கில் மதுரை நாயக்கர் சடைக்கத் தேவரை இச்சீமைக்கு அதிபதியாக்கினார் என்கிறது சரித்திரம். சேதுவைக் காக்க ராமரே சேதுபதி வம்சத்தை நியமித்தார் என்கிறது ஐதீகம். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் தங்கள் காசில் ‘சேது’ என்றே பொறித்தார்கள். ஒரே மணல்திட்டு எத்தனை கிரீடங்களுக்கு அஸ்திவாரம், பாருங்கள்! ராமர் கொடுத்ததாகச் சொன்ன அதிகாரம் கடைசியில் ஜமீனாகி, 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்ற ஒரு காகிதத்தில் தீர்ந்தது.

தோழர்களே! காவியத்தைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தகப்பனைச் சுமந்த மகனின் கதை யார் மனதையும் தொடும். ஆனால் ரசிப்பதற்கான பாட்டைச் சொத்துப் பத்திரமாக நீட்டினால் சும்மா இருக்கலாகாது. 1914-ல் பாம்பன் கடலில் ரயில் பாலம் போட்டது வானரங்களல்ல, கூலியாட்கள். அவர்களுக்குக் காவியம் இல்லை. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டபோதும் அதற்குப் பொறுக்கிய நாள் ஸ்ரீராம நவமி!

ஆகையால் எந்தப் புராணத்தைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் ஆட்சியில் எழுதியது? யாருக்கு லாபம்? யார் பெயர் விடப்பட்டது?